பதக்கம் குத்த அத்தை வரணும்

பிப்ரவரி 11

மருமகளுக்கு,

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

நீ தோளில் குண்டடி பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று எனக்கு யார் சொன்னது தெரியுமா? ஹாரன் சார். அவர்தான், எதிரில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் ஹாரன் அடிக்கிற அந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். இன்னும் நம் டிரைவிங் ஸ்கூலில்தான் படித்துக்கொண்டிருக்கிறார், எப்போது முடிப்பார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காலை வகுப்பில் ரவுண்டானாவை நெருங்கும்போது, "மேடம், நேத்து டிவியில உங்க மருமகளைக் காட்டினாங்களே, பார்க்கலையா?" என்றார். என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்த மிதியில், பின்னால் வந்த பால் வண்டிக்காரன் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனான்.

உன் புருஷனைப் பிடித்து உலுக்கினால், "எனக்கு முன்னாடியே தெரியும்மா, நீ பயப்படுவேன்னுதான் சொல்லலை" என்கிறான். நான் பயப்படுவேனாம்! மருந்துக் கடை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தால் கல்லாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவன் இவன். என் பயத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டான்.

அப்புறம் டிவியைப் போட்டேன். திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மலை மேல் மாட்டிக்கொண்ட காயம்பட்ட வீரர்களை, எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஹெலிகாப்டரில் போய்த் தூக்கி வந்தாயாம். "அச்சம் என்பதையே அறியாதவர்" என்று செய்தி வாசிக்கிற பெண் உன்னைச் சொன்னாள். அவளுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்? போன விடுமுறையில் என் புது வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று கேட்டில் இடித்துப் பின் விளக்கை நொறுக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்கப் பயந்து வண்டிக்குள்ளேயே குந்தியிருந்தாயே, அதை அவள் பார்த்தாளா?

நான் அன்றைக்குப் பேசியது கொஞ்சம் அதிகம்தான். "இவளை நம்பி எந்தப் புண்ணியவான் ஹெலிகாப்டரைக் குடுத்தான்?" என்று படிக்கிறவர்கள் அத்தனை பேர் நடுவிலும் கேட்டிருக்கக் கூடாது. அதற்காக, விடுமுறை முடியும் முன்பே பையைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குக் கிளம்பிவிடுவதா? அதன் பிறகு எனக்கு ஒரு வரி இல்லை. உன் புருஷனுக்கு மட்டும் வாராவாரம் போன்.

நானும் போன் செய்திருப்பேன். செய்தால் கத்துவேன். பக்கத்துக் கட்டில்காரர்களாவது நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எந்தத் தோள்? வலது என்றால் யாரையாவது உட்கார வைத்து எழுதச் சொல். இடது என்றால் நீயே எழுது, சாக்குச் சொல்லாதே.

அத்தை


பிப்ரவரி 17

அன்புள்ள அத்தைக்கு,

இடது தோள்தான். சாக்குச் சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் தையல் பிடுங்கிக்கொள்ளும் போல் ஆனது. நர்ஸ் வந்து கடிதத்தைப் பிடுங்கப் பார்த்தாள். "என் மாமியார் திட்டி எழுதியிருக்காங்க" என்றேன். பாவம் என்று நினைத்து ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த கேட் விவகாரத்தை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் இன்னும் சிரித்திருப்பீர்கள் என்று ரோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஹெலிகாப்டரில் காலடியில் இரண்டு பெடல் இருக்கிறது. வலது காலை அழுத்தினால் மூக்கு வலது பக்கம் திரும்பும், இடது காலை அழுத்தினால் இடது பக்கம் திரும்பும். பல வருடமாக என் கால் இதைத்தான் படித்திருக்கிறது. உங்கள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது வலது பக்கம் ஒதுக்கச் சொன்னீர்கள். நான் வலது காலை நன்றாக அழுத்தினேன். உங்கள் வண்டியில் அங்கே இருந்தது ஆக்ஸிலரேட்டர். அது ஒதுங்கவில்லை, பாய்ந்தது. அதற்கு மேல் நடந்தது உங்களுக்கே தெரியும்.

ஆனால் அத்தை, நீங்கள் கற்றுக்கொடுத்த இன்னொன்று என்னைக் காப்பாற்றியது. அந்த மலை உச்சியில் இறக்குவதற்கு ஒரு மேசை அளவுகூடச் சமதளம் கிடையாது. முன்சக்கரத்தை மட்டும் ஒரு பாறை விளிம்பில் வைத்து, மீதி வண்டியை அந்தரத்தில் நிறுத்தினேன். கொஞ்சம் கூட்டினால் எழும்பிவிடும், கொஞ்சம் குறைத்தால் பின்பக்கமாகச் சரியும். ஒவ்வோர் ஆள் ஏறும்போதும் கனம் மாறுகிறது, ஒவ்வொரு தடவையும் விரல் நுனியில் சரிசெய்ய வேண்டும். அப்போது என் காதில் கேட்டது கமாண்டர் குரல் இல்லை. மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் நிறுத்த ஹாஃப் கிளட்ச் சொல்லிக்கொடுக்கும்போது நீங்கள் கத்தினீர்களே, "புடுங்காதே! வண்டி என்ன சொல்லுதுன்னு கேளு, அப்புறம் நீ சொல்லு!" என்று, அதுதான் கேட்டது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மூன்றாவது பதக்கம் கொடுக்கப் போகிறார்கள். வெள்ளத்தில் கூரை மேலிருந்தவர்களைத் தூக்கியதற்கு ஒன்று, புயலில் மூழ்கிய கப்பலுக்குப் போனதற்கு ஒன்று, அவை இரண்டும் சாதாரணம். இது எங்கள் படையிலேயே பெரியது. இதைப் பெரிய அதிகாரி குத்த மாட்டார். அவர் தட்டில் வைத்து நீட்டுவார், வீட்டிலிருந்து வந்தவர் ஒருவர் எடுத்துக் குத்துவார். போனவள் ஒருத்தி என்றாலும் அனுப்பியது ஒரு வீடு என்பது எங்கள் படையின் வழக்கம்.

நீங்கள் வர வேண்டும் அத்தை. மார்ச் இருபத்து நான்காம் தேதி.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 23

மருமகளுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நேராகப் போய் வண்டியில் உட்கார்ந்து, நீ சொன்ன மாதிரி வலது காலை அழுத்துவதாக நினைத்துப் பார்த்தேன். அப்படியே ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்தேன். நெஞ்சு வலியோ என்று உன் புருஷன் மாத்திரையோடு ஓடி வந்தான். இப்போது நம் ஸ்கூலில் யார் தப்பான பெடலை மிதித்தாலும் அவர்களுக்கு 'ஹெலிகாப்டர்' என்று பெயர். ஹாரன் சார் இந்த வாரம் மட்டும் மூன்று தடவை ஹெலிகாப்டர் ஆகிவிட்டார்.

ஆனால் எனக்கு ஐஸ் வைக்காதே. ஹாஃப் கிளட்ச்சாம், காதில் கேட்டதாம். குண்டு வருகிற சத்தத்தில் என் குரல் கேட்டதென்றால் ஒன்று நீ பொய் சொல்கிறாய், இல்லை நான் உண்மையிலேயே குரலைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

விழாவுக்கு நான் வர முடியாது. மார்ச் கடைசியில்தான் லைசென்ஸ் டெஸ்டுக்கு நிறையப் பேர் நிற்கிறார்கள். முழங்காலும் சரியில்லை. அவ்வளவு தூரம் ரயிலில் உட்கார்ந்து வந்தால் இறங்கும்போது என்னைத்தான் தூக்க வேண்டியிருக்கும். உன் புருஷனை அனுப்புகிறேன். தட்டிலிருந்து எடுத்துக் குத்துவதற்கு என்ன பெரிய பயிற்சி வேண்டிக்கிடக்கிறது?

இன்னொன்று. உனக்கு விமானப் பள்ளியில் பாடம் நடத்துகிற வேலை தருகிறார்கள் என்று அவன் வாய்தவறி உளறிவிட்டான். என்னிடம் நீ மூச்சு விடவில்லை. பேசாமல் அதை ஒத்துக்கொள். மூன்று பதக்கம் வாங்கியாகிவிட்டது, இன்னும் எத்தனை வேண்டும்? சட்டையில் இடம் வேண்டாமா? சொல்லிக்கொடுப்பது ஒன்றும் மட்டமான வேலை இல்லை. நானும் அதைத்தான் செய்கிறேன், கௌரவமாகத்தான் இருக்கிறேன்.

தோள் எப்படி இருக்கிறது? முட்டை சாப்பிடு.

அத்தை


மார்ச் 1

அத்தைக்கு,

உங்கள் பிள்ளையை அனுப்புகிறீர்களா? போன பதக்க விழாவில் என்ன நடந்தது என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். வெயிலில் நின்று மயங்கி விழுந்து, பேண்டு வாத்தியக்காரர்கள் டிரம்மை இறக்கிவைத்துவிட்டு அவரைத் தூக்கினார்கள். வீரப் பதக்கம் வாங்கிய நான் ஒரு பக்கம், ஸ்ட்ரெச்சரில் என் வீட்டுக்காரர் ஒரு பக்கம். இந்தத் தடவை அவர் கையில் ஊசியையும் கொடுத்தால் அவ்வளவுதான்.

டெஸ்ட், முழங்கால் எல்லாம் சும்மா. போன மாதம்தான் பஞ்சரான டயரை நீங்களே உட்கார்ந்து மாற்றினீர்கள் என்று அவர் சொன்னார். வர இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று சொல்லுங்கள். எனக்கு எதற்குக் காது குத்துகிறீர்கள்?

எனக்கும் கோபம் வரும் அத்தை. இப்போது வந்திருக்கிறது.

எனக்கு அம்மா இல்லை. அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. நான் முதல் தடவை உங்களைப் பார்க்க வந்தபோது, ஸ்கூல் ஆபீஸில் சாவிகள் தொங்குகிற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தீர்கள். கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விடுவாயா, சமைப்பாயா என்றெல்லாம் எல்லா இடத்திலும் என்னைக் கேட்டார்கள். நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள். "உன் வண்டியில எத்தனை பேரை ஏத்தலாம்?" அன்றைக்கே உங்கள் பிள்ளையைக் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். அவர் அதுவரை என்னிடம் முழுதாக இரண்டு வாக்கியம் பேசியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த மலையில் நடந்ததைப் போன கடிதத்தில் பாதிதான் எழுதினேன். முழுசாகச் சொல்கிறேன். எனக்கு முன்னால் போன இரண்டு ஹெலிகாப்டர்கள் சுடுவது தாங்காமல் திரும்பிவிட்டன. அவர்கள் மேல் தப்பில்லை. நான் மூன்று தடவை போனேன், ஏனென்றால் ஒரே நடையில் அத்தனை பேரையும் ஏற்ற முடியாது. இரண்டாவது நடையில் தோளில் பட்டது. ஏற்றி இறக்குகிற நெம்புகோல் இடது கைக்குத்தான் இருக்கிறது, அந்தக் கை தூக்கவே வரவில்லை. உங்கள் வண்டி போலவே எங்கள் வண்டியிலும் இரண்டு பக்கமும் எல்லாம் உண்டு. என் கோ-பைலட் (சுருட்டை முடி, அதனால் சுருட்டை என்றே கூப்பிடுவோம்) அவன் பக்கத்து நெம்புகோலைப் பிடித்தான், மற்றதை நான் பிடித்தேன். ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டினோம். பின்னால் மெக்கானிக் பெரியப்பா கதவில் தொங்கிக்கொண்டு ஆட்களை இழுத்துப் போட்டார். (சின்ன வயதுதான் அவருக்கு. சீக்கிரமே வழுக்கை விழுந்ததால் அந்தப் பெயர்.) மூன்றாவது நடைக்குக் கிளம்பும்போது எனக்கு வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. அச்சமே அறியாதவள் என்று டிவியில் சொன்னது சுத்தப் பொய். ஆனால் மேலே இன்னும் நான்கு பேர் இருந்தார்கள்.

பள்ளி வேலையா, பழைய படைக்கே திரும்புவதா என்று மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார் கமாண்டர். நான் திரும்பிப் போக ஆசைப்படுகிறேன். மலையில் சண்டை இன்னும் முடியவில்லை. அந்தப் பாறை விளிம்பில் நின்ற அனுபவம் இப்போதைக்கு எங்கள் மூன்று பேருக்குத்தான் இருக்கிறது.

உங்கள் மருமகள்


மார்ச் 6

மருமகளுக்கு,

சரி. உண்மையைச் சொல்கிறேன். எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

டிரைவிங் ஸ்கூல் என்றால் நாளெல்லாம் போன் அடிக்கும். எத்தனை மணிக்கு வகுப்பு, இன்றைக்கு உண்டா இல்லையா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சண்டை ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் உன்னைப் பற்றிய செய்தியோ என்று கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். எடுத்து, ஹலோ சொல்லி, அந்தப் பக்கம் வண்டி ஓட்டப் பழகணும் என்று யாராவது சொல்கிறவரை எனக்கு மூச்சு வராது. வேலையில் இருக்கும் பெண்ணிடம் போனை எடுக்கச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அதைவிடக் கொடுமை.

ராத்திரி உன் புருஷன் தூங்கிவிடுவான். நான் தூங்கமாட்டேன். உன் மேல் எனக்குப் பாசம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அது தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைப் பெற்றிருந்தால்கூட இவ்வளவு பயந்திருப்பேனா தெரியாது. பெற்ற பிள்ளை மருந்துக் கடையில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறான்.

வீட்டிலிருந்து வந்தவர் குத்துவது என்றால், அனுப்பியது இந்த வீடு என்று அர்த்தம், நீதான் எழுதியிருக்கிறாய். அதை நான் என் கையால் குத்தினால், "போம்மா, இன்னும் போ" என்று நானே அத்தனை பேர் முன்னால் சொன்ன மாதிரி. நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் என் கையைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி இருப்பேன்?

என்னால் முடியாது. கோபித்துக்கொள்.

அத்தை


மார்ச் 10

அன்புள்ள அத்தைக்கு,

கோபம் எல்லாம் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நன்றாக அழுதேன். நர்ஸ் இந்தத் தடவை பிஸ்கட் பாக்கெட்டையே கொடுத்துவிட்டாள்.

நான் போகட்டுமா என்று உங்களிடம் நான் கேட்கவே இல்லை. பதக்கம் குத்த வாருங்கள் என்று மட்டும்தான் கூப்பிட்டேன். இது வேறு, அது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

அதனால் இப்போது கேட்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் பள்ளி வேலைக்குப் போகிறேன். உங்களைத் தூங்காமல் உட்கார வைத்துவிட்டு அங்கே என்னால் நிம்மதியாகப் பறக்க முடியாது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன். கொஞ்ச நாள் வைத்துக்கொள்வேன், அப்புறம் சரியாகிவிடுவேன்.

வீட்டிலிருந்து யாரும் வராவிட்டால் படையிலிருந்து ஒருவர் குத்தலாமாம். பெரியப்பா தலையணையில் ஊசி குத்திப் பழகிக்கொண்டிருக்கிறார். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 15

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் அல்லவா! அன்றைக்கு ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். மறுநாள் வகுப்பில் பாட்டு வேறு முணுமுணுத்தேனாம். ஹாரன் சார் பயந்துபோய் ஹாரன் அடிக்கவே மறந்துவிட்டார். ஹாரன் இல்லாமல் அவர் ஓட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த சந்தோஷத்துக்கு ஆயுசு இரண்டு நாள்தான்.

நேற்று மத்தியானம் ஒரு அம்மா ஆபீஸுக்கு வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. வண்டி பழக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "முதல் நாள் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன், பக்கத்தில உக்காந்து ரோட்டைத்தான் பார்க்கணும்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் பாதிவரை கேட்டுவிட்டு, "நான் மலையில இருந்த வயர்லெஸ்காரனோட அம்மா. உங்க மருமகதான் என் பையனைக் கொண்டுவந்தாங்க" என்றார்கள்.

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். டீ வரவழைத்தேன். நன்றி சொல்லி அழப்போகிறார்கள் என்று பயந்தேன். அந்த அம்மா அழவே இல்லை. காலில் கட்டோடு வீட்டுக்கு வந்த பையன் என்னென்ன கேட்கிறான், என்னென்ன வேண்டாம் என்கிறான், சமையலில் உப்பு இல்லை என்று படுத்துக்கொண்டே எப்படி அதிகாரம் பண்ணுகிறான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "இப்படி எரிச்சல்படுத்துவான்னு தெரிஞ்சிருந்தா அங்கேயே விட்டுட்டு வரச் சொல்லியிருப்பேன்" என்று அவர்கள் சொல்ல, நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பையன் திரும்பக் கிடைத்தவள்தான் அப்படிச் சிரிக்க முடியும். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. ரொம்ப ரொம்பப் பெருமையாக இருந்தது, போதுமா?

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "சின்னவன் இன்னும் அங்கேதான் இருக்கான், அதே மலையில. இப்ப உங்க மருமக இருக்காங்கன்னு கொஞ்சம் தைரியமா இருக்கேன்" என்றார்கள். என்னிடம் எதையும் கேட்கவில்லை. சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்கள்.

நான் வாசலிலேயே நின்றேன். என் மருமகள் இனி அங்கே வரமாட்டாள், நான் நிறுத்திவிட்டேன், அதனால்தான் முந்தாநாள் நன்றாகத் தூங்கினேன் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? டீ டம்ளரைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

நான் விழாவுக்கு வருகிறேன். குத்துவதற்கு மட்டும். மற்றதை அங்கே வந்து யோசிக்கிறேன், அவசரப்படுத்தாதே.

என்ன உடுத்த வேண்டும்? வெயிலில் நிற்க வேண்டும் என்றால் உன் புருஷனை இந்தத் தடவை நிழலில் உட்கார வைக்கச் சொல். ஸ்கூலுக்கு மூன்று நாள் லீவு விட்டுவிட்டேன். பெரியப்பாவிடம் தலையணையை விட்டுவிடச் சொல்.

அத்தை


மார்ச் 26

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் ரயில் ஏறியதிலிருந்து இங்கே எல்லோரும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பதக்கம் வாங்கியது நான் என்பதே ஒருத்தருக்கும் நினைவில்லை.

கமாண்டர் உங்களுக்கு ஹெலிகாப்டரைச் சுற்றிக் காட்டியபோது, "ஓட்டறவங்க பக்கக் கண்ணாடி ஏன் இவ்வளவு அழுக்கா இருக்கு?" என்று கேட்டீர்களாம். நீங்கள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் பெரியப்பா துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். உள்ளே ஏறி உட்கார்ந்து பெடலில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓ, இதுதானா அது" என்று நீங்கள் சிரித்த சிரிப்பு ஹேங்கர் முழுக்கக் கேட்டது. சுருட்டைக்குக் காரணம் தெரியாது. தயவுசெய்து தெரியாமலே இருக்கட்டும். அவன் உங்களிடம் கார் ஓட்டப் பழக வருவதாகச் சொல்கிறான்.

பெரிய அதிகாரி தட்டை நீட்டியதும் நீங்கள் எடுத்த நேரம் இருக்கிறதே! முதலில் என் காலரைச் சரிசெய்தீர்கள். பிறகு தோளை லேசாகத் தொட்டு, "இங்க வலிக்குதா?" என்றீர்கள். பிறகு ஊசி துணிக்குள் போகவில்லை, எடுத்து எடுத்துக் குத்திப் பார்த்தீர்கள். அதிகாரி உதவ வந்தபோது, "கொஞ்சம் பொறுங்க சார், நானே பண்ணிடுவேன்" என்றீர்கள். அவரை யாராவது பொறுக்கச் சொல்லி இங்கே நாங்கள் பார்த்ததே இல்லை. அவரும் பொறுத்தார். இசைக்குழு வாசிக்க வேண்டியதை வாசித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. உங்கள் பிள்ளை மயங்கவில்லை, அழுதுகொண்டிருந்ததால் மயங்க நேரம் கிடைக்கவில்லை.

பதக்கம் கொஞ்சம் சாய்வாகத்தான் இருக்கிறது. நேராக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றுவிட்டேன்.

அத்தை, இவ்வளவு நடந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த ஒன்றை நீங்கள் சொல்லவே இல்லை. குத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள், வாய் அசைந்தது, பிறகு திரும்பிப் போய் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஸ்டேஷனிலும் மறந்துபோன குடையைப் பற்றித்தான் பேசினீர்கள். மாதக் கடைசி வந்துவிட்டது. கமாண்டர் நேற்றும் கேட்டார். வீட்டிலிருந்து பதில் வரணும் சார் என்றேன். டாக்டர் தோளைப் பார்த்துவிட்டுப் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பாக்கி நீங்கள்தான்.

வந்து குத்தினது எனக்காகவா, இல்லை சம்மதம் என்று சொல்லவா? எதுவாக இருந்தாலும் எனக்குப் போதும். ஆனால் எது என்று தெரிய வேண்டும்.

உங்கள் மருமகள்


மார்ச் 28

என் கண்ணு,

குடை கிடைத்துவிட்டது. உன் புருஷன் கையிலேயே வைத்துக்கொண்டு ரயில் முழுக்கத் தேடியிருக்கிறான்.

தபாலில் போட்டால் தாமதமாகும் என்று, உங்கள் முகாமுக்குத் திரும்புகிற ஒரு சிப்பாயைப் பிடித்து இதைக் கொடுத்தனுப்புகிறேன். பஸ் ஸ்டாண்டில் நின்றான். நேராக உன் கையில் கொடுக்காவிட்டால் காதைத் திருகுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு.

அங்கே நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறாய். திறந்திருந்தால் ஓவென்று அழுதிருப்பேன். அவ்வளவு பெரிய மனிதர் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் அழுதால் உனக்கு அசிங்கம். அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம், எனக்குப் பயம் போய்விடும் என்று நினைத்துத்தான் அங்கே வந்தேன். வந்து, உன் வண்டியைப் பார்த்து, உன் ஆட்களைப் பார்த்து, அந்தப் பெரியப்பாவின் வழுக்கையைப் பார்த்தால் மனசு தெளிந்துவிடும், தெளிந்ததும் சரி என்று சொல்லிவிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லை. வால் பக்கம் குண்டு துளைத்த ஓட்டைகளை அடைத்திருந்த இடங்களை நீங்கள் காட்டவில்லை, ஆனால் நான் எண்ணினேன். ரயிலில் திரும்பி வரும்போதும் அதே பயம்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. இப்போது இதை எழுதும்போதும் இருக்கிறது. அது போகிற ஜாதி இல்லை என்று புரிந்துவிட்டது.

மூன்றாவது நடைக்கு நீ கிளம்பியபோது உனக்கும்தான் வாய் உலர்ந்தது. போகாமலா இருந்தாய்?

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். சம்மதம். இந்த வீடுதான் உன்னை அனுப்புகிறது. யார் கேட்டாலும் நான்தான் அனுப்பினேன் என்று சொல். உன் கமாண்டரிடம் இப்போதே போய்ச் சொல், சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று உட்காராதே.

போன் அடிக்கத்தான் செய்யும். நான் ஓடத்தான் செய்வேன். அதைப் பற்றி நீ ஒன்றும் நினைக்காதே. இத்தனை மாதமாகப் பயந்து பயந்து எனக்கு அது நன்றாகப் பழகிவிட்டது, இனி அந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆகவே உனக்காகப் பயப்படுகிற வேலை முழுசும் இனி என்னுடையது. அதில் நீ கை வைக்காதே. நீ போய் அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வா.

அத்தை